ஐந்து மாத நரியும் நூற்றெழுபத்தைந்து ஆண்டு வரலாறும்

"இருந்தவர்" என்றொரு இனம் நம்மிடையே உண்டு. காட்டில் புலி குறைந்துவிட்டது, வீட்டில் சிட்டுக்குருவி குறைந்துவிட்டது, இந்த இனம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு பெருகிக்கொண்டே வருகிறது. எங்கேயோ, எப்போதோ, எதிலோ கொஞ்ச நாள் இருந்தவர் இவர். பத்து நாள் சாரணர் முகாமில் இருந்திருப்பார். கல்லூரிக் கபடி அணிக்கு ஒரு வருடம் துண்டு சுமந்திருப்பார். அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போய், குளிருக்குப் பயந்து நாற்பது நாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். இருந்தது கொஞ்சம்தான். அங்கிருந்து திரும்பி வருவதுதான் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் "நாங்க அங்க இருக்கும்போது" என்று ஆரம்பித்தாரென்றால், பாயசம் வந்து போய், மோர் வந்து போய், இலை எடுக்கிறவர் வந்து தலைக்கு மேல் நிற்கும்வரை அங்கேயே இருப்பார். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்து இலை உங்களுடையதாகக்கூட இருந்திருக்கும்.

இந்த இனத்தின் அப்பழுக்கில்லாத மாதிரி ஒன்றைக் காண வேண்டுமென்றால், சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் போகிற சாலையில் இறங்கி, அய்யாதுரை அண்ணாச்சி அச்சகம் எது என்று கேளுங்கள். பட்டாசுப் பெட்டிக்கு லேபிளும், சுவருக்குத் தினசரி காலண்டரும் அடிக்கிற அச்சகம். முதலாளிக்கு வயது அறுபது. 1987 அக்டோபரில், அச்சுத் தொழில் படிப்பதற்காக மேற்கு ஜெர்மனியில் ஒரு சின்னப் பல்கலைக்கழக ஊருக்குப் போனார். 1988 மார்ச்சில் திரும்பி வந்தார். படிப்பு நாலு வருடம். போனது ஐந்து மாதம். நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்டால், "அப்பாவுக்கு இங்கன ஒத்தாசைக்கு ஆள் வேணும்னாரு" என்பார் அண்ணாச்சி. "ரசத்த நெனச்சு அழுதிருக்காக" என்பார் அவர் மனைவி லட்சுமிகாந்தம். இரண்டில் எது உண்மை என்று நான் சொல்ல மாட்டேன். லட்சுமிகாந்தம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

அந்த ஐந்து மாதமும் அண்ணாச்சி தங்கியது வால்டோனியா என்ற மாணவர் சங்கத்தின் வீட்டில். வாடகை மலிவு, அதனால் போனார். மாணவர் சங்கம் என்றதும் நம்மூர்க் கல்லூரிவாசல் கொடிக்கம்பத்தை நினைத்துவிடாதீர்கள். அங்கே ஒருமுறை சேர்ந்துவிட்டால் சுடுகாடுவரை உறுப்பினர். தலையில் சின்னத் தொப்பி, மார்பின் குறுக்கே வண்ணப் பட்டை, மேசையைத் தட்டித் தட்டிப் பாட்டு, குவளை குவளையாகப் பீர். எண்பது வயது நீதிபதியும் இருபது வயது மாணவனும் ஒருவரையொருவர் "நீ" என்றுதான் அழைக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவனுக்குப் பெயர் "நரி". நரி கதவு திறக்க வேண்டும், பீர் ஊற்ற வேண்டும், முழு உறுப்பினர் உள்ளே வந்தால் எழுந்து நிற்க வேண்டும், வாரம் ஒரு நாள் உட்கார்ந்து சங்கத்தின் வரலாற்றை உருப்போட வேண்டும். ஒரு வருடம் கழித்துத் தேர்வு. தேறினால் முழு உறுப்பினன். நரிக்கு இரண்டு வண்ணப் பட்டை, முழு உறுப்பினனுக்கு மூன்று வண்ணம்.

அண்ணாச்சியிடம் இருந்தது பச்சையும் வெள்ளையுமாக, இரண்டு வண்ணம்.

இந்தக் கணக்கு சிவகாசியில் யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது என்று அண்ணாச்சி நம்பினார். அந்த நம்பிக்கையின் மேல் முப்பத்தேழு வருடமாக ஒரு மாளிகை கட்டினார். முதல் வருடங்களில் "நானும் அங்க தங்கியிருந்தேன்" என்பதாக இருந்தது, பிறகு "நானும் அதுல மெம்பர்" ஆனது, அப்புறம் "ஆசியாவுலேயே ஒரே ஆயுள் மெம்பர்" ஆனது. வெம்பக்கோட்டை அணைக்கட்டில் சைக்கிளோடு விழுந்து கன்னத்தில் வாங்கிய தழும்பு ஒன்று உண்டு. அதைப் பற்றி யாராவது கேட்டால் அண்ணாச்சி பெருமூச்சு விட்டு, "அங்க சில சங்கத்துல வாள் வீசுவாக" என்பார். தன் கன்னத்தில் வீசினார்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பெருமூச்சுக்கு யார் வழக்குப் போட முடியும்?

சரி, வீட்டோடு இருந்திருந்தால் லட்சுமிகாந்தத்தோடு போயிருக்கும். இருந்தவர் இனத்துக்கு அது போதாது. அண்ணாச்சி கழகம் ஒன்று தொடங்கினார். வால்டோனிய நண்பர் கழகம், சிவகாசி. உறுப்பினர்கள் இருபத்து மூன்று பேர். அதில் ஜெர்மனியில் காலடி வைத்தவர்கள் நால்வர். அவர்களும் அச்சு இயந்திரக் கண்காட்சிக்கு நாலு நாள் போய் வந்தவர்கள். ஒருவர் ஜெர்மன் இயந்திரம் வாங்கியவர், ஒருவர் வாங்க நினைத்தவர். எல்லோரும் பட்டாசு, காகிதம், மை என்று தொழில் பார்க்கிற பெரிய குடும்பத்துப் பிள்ளைகள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அச்சகக் கூடத்தில், முப்பத்தொன்பது டிகிரி வெயிலில், கம்பளித் தொப்பியும் மதுரையில் தைத்த பச்சை வெள்ளைப் பட்டையும் அணிந்து உட்கார்வார்கள். பீருக்குப் பதில் பன்னீர் சோடா. புதிய உறுப்பினர் ஊற்ற, பழைய உறுப்பினர்கள் குடிக்க, அண்ணாச்சி எழுந்து வரலாறு சொல்வார்.

என்ன வரலாறு, எப்படிப்பட்ட வரலாறு! 1849, பனிக்காலம், ஒரு ரொட்டிக் கடையின் பின்கட்டு, ஏழு மாணவர்கள், அதில் ஒருவனுக்குக் காலில் செருப்பில்லை. அரசாங்கம் தடை போட, சட்டையின் உட்பக்கம் பட்டையைத் தைத்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்கள். வாள் வீசுவதா வேண்டாமா என்று சண்டை வந்து பாதிப் பேர் வெளியேறுகிறார்கள். 1914இல் போருக்கு நாற்பத்தொரு பேர் போகிறார்கள். பதினொரு பேர் திரும்புகிறார்கள். திரும்பியவர்கள் முப்பது காலி நாற்காலிகளைப் போட்டு வைத்துப் பாடுகிறார்கள். இந்த இடத்தில் அண்ணாச்சியின் குரல் தழுதழுக்கும். காலண்டர் அட்டை வியாபாரி ஒருவர் தவறாமல் மூக்கைச் சிந்துவார். "1933. தடை பண்ணிட்டானுக. 1951. மறுபடியும் ஆரம்பிச்சாக." அந்தப் பதினெட்டு வருடத்தை அண்ணாச்சி ஒரே மூச்சில் தாண்டுவார். அவர் படித்தது அவ்வளவுதான். நரிப் பாடம் அதற்கு மேல் போவதற்குள் ஊருக்கு வந்துவிட்டார்.

இப்படி எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருக்கையில்தான் ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வால்டோனியாவுக்கு நூற்றெழுபத்தைந்து வயது நிறைகிறது. முழு வரலாற்றையும் புத்தகமாகப் போடுகிறார்கள். அச்சடித்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். "உங்கள் அச்சகத்தை எங்கள் உறுப்பினர் ஒருவர் பரிந்துரைத்தார். அவரே நேரில் வந்து அச்சுப்படியைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவார்."

அண்ணாச்சி அந்தக் கடிதத்தைப் பூஜையறையில் வைத்தார். மறுநாள் சிவகாசி முழுக்கச் செய்தி: "கடைசிப் பக்கத்துல மெம்பர் பட்டியல் வருது. என் பேரும் வருது." பேச்சோடு நிற்கவில்லை, அழைப்பிதழே அடித்துவிட்டார். புத்தகத்தில் பெயர் வருவதையொட்டி, கழகத் தலைவருக்குப் பாராட்டு விழா. முப்பத்தேழு வருடமாகச் சொன்னதற்கு முதல்முறையாக ஒரு சாட்சி, அதுவும் அச்சில்.

கோப்பு வந்து இறங்கிய அன்று, அச்சக மேலாளரும் கழகச் செயலாளருமான பாண்டிச்செல்வத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டியலைத் தேடினார். அறுநூற்றுச் சொச்சம் பெயர்கள். ஏ முதல் இசட் வரை மூன்று தடவை போய் வந்தார்கள்.

"இல்லியே அண்ணாச்சி."

"நல்லாப் பாருலே."

"161ஆம் பக்கத்துல ஒரு வரி இருக்கு." பாண்டிச்செல்வம் கணினியின் மொழிபெயர்ப்பைப் படித்தார். "1987 குளிர்காலத்தில் இந்தியர் ஒருவரும் நரியாக வீட்டில் தங்கியிருந்தார். தேர்வுக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். நன்றாகப் பாடுவார். பெயர் தெரியவில்லை." படித்துவிட்டு நிமிர்ந்தார். "இது யாரு அண்ணாச்சி?"

"எவனோ" என்றார் அண்ணாச்சி.

தன்னைத் தானே எவனோ என்று சொல்ல நேர்ந்த மனிதனின் நெஞ்சு அந்த நேரத்தில் என்ன பாடு பட்டிருக்கும்! அன்று சாயங்காலம் அவர் இரண்டு காரியம் செய்தார். அதே எழுத்துரு, அதே அளவில், பட்டியலில் இரண்டு ஜெர்மன்காரர்களுக்கு நடுவே அய்யாதுரை என்ற பெயரை நுழைத்தார். தொழில் தெரிந்த கை, ஒட்டு தெரியவில்லை. அடுத்து, 112ஆம் பக்கம் மங்கலமாக இல்லையே, விழா மலரில் அது அவசியமா என்று ஜெர்மனிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதுவரை அவர் தாண்டிப்போன பதினெட்டு வருடத்தின் முதல் பக்கம் அது. அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

விழா நாள். ஞாயிறு காலை பதினோரு மணி. வெள்ளைக்காரருக்காகக் காரமில்லாத உருளைக்கிழங்கு வேகவைத்து, முள்கரண்டி வாங்கி, மின்விசிறிக்கு நேர் கீழே மெத்தை நாற்காலி போட்டு, இருபத்து மூன்று கம்பளித் தலைகளும் வியர்த்துக்கொண்டு வாசலைப் பார்த்திருக்க, வாடகை ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து மாரிக்கண்ணன் இறங்கினான். பின்னாலேயே அவன் அப்பா இருளாண்டி இறங்கினார்.

இருளாண்டியை எல்லோருக்கும் தெரியும். அதே அச்சகத்தில் இருபத்தேழு வருடம் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் நின்றவர். ஏழாயிரம்பண்ணைக்காரர், வீட்டில் மற்ற எல்லோருக்கும் பட்டாசு வேலை. மகன் எங்கேயோ வெளிநாட்டில் வேதியியல் படித்து வேலை பார்க்கிறான் என்று கேள்வி. எங்கே என்று யாரும் கேட்டதில்லை.

"ஏ இருளாண்டி, இன்னைக்கு லீவுலே. வெள்ளக்காரர் வர்ற நேரம், அப்பறம் வா" என்றார் பாண்டிச்செல்வம்.

"வெள்ளக்காரர் வரலைங்க. நாந்தான் வந்திருக்கேன்" என்றான் மாரிக்கண்ணன். பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினான். பிறகு ஒரு பட்டையை எடுத்து மார்பின் குறுக்கே போட்டுக்கொண்டான். பச்சை, வெள்ளை, கருநீலம்.

மெத்தை நாற்காலி காலியாக இருந்தது. அதில் யார் உட்காருவது என்று யாரும் சொல்லவில்லை.

"அதென்னலே, இவனுக்கு ஒரு கலர் கூட இருக்கு?" என்று காலண்டர் அட்டை வியாபாரி பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"புது டிசைனா இருக்கும்" என்றார் அண்ணாச்சி.

இருளாண்டி பழக்க தோஷத்தில் வெட்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தார். அங்கிருந்தபடியே, ஒரு கபடும் இல்லாமல், உதவி செய்கிற குரலில் சொன்னார்: "மொதலாளி, மறந்துட்டீகளா? மூணு கலர் உள்ள வந்தா ரெண்டு கலர் எந்திரிக்கணும்ல? நீங்க சொன்னதுதான்."

"நான் எப்பலே சொன்னேன்?"

"நீங்க அங்கேர்ந்து திரும்பி வந்த வருசம். பெரிய மொதலாளி உங்கள எம் மெசினுக்குப் பக்கத்துல உக்கார வெச்சாகள்ல? அங்கனதான். நாந்தான் நரி, பீர் ஊத்துவேன், மூணு கலர் வந்தா எந்திரிப்பேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பீக. பரீட்ச எழுதாம வந்துட்டேனேன்னு ஒருநா அழுதீக. அம்புட்டையும் வீட்டுல போயிச் சொல்லுவேன் மொதலாளி. ரொட்டிக்கடை, செருப்பில்லாத பய, முப்பது நாக்காலி. நீதிபதியும் சின்னப்பயலும் நீ வா போன்னுதான் பேசணும்கிற வீடு ஒண்ணு ஒலகத்துல இருக்குன்னு சொன்னா, இவன் சோத்தத் திங்காமக் கேட்டுக்கிட்டு இருப்பான். வளந்து, எந்த ஊர்ல படிக்கப் போறேன்னு கேட்டதுக்கு, அந்த வீடு இருக்கிற ஊருக்குன்னான்."

அச்சுத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்: பத்தாம் பதிப்பில் எவ்வளவுதான் திருத்தினாலும், முதல் பதிப்பின் படி ஒன்று எங்கேயாவது யாரிடமாவது பத்திரமாக இருக்கும். அண்ணாச்சியின் முதல் பதிப்பு வெட்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அச்சுப்பிழை ஒன்றுகூட இல்லை.

லட்சுமிகாந்தம் உருளைக்கிழங்குத் தட்டை மேசையில் வைத்தார். "எந்திரிங்க" என்றார்.

அண்ணாச்சி எழுந்தார். அவர் எழுந்ததும், சட்டப்படி வேறு வழியில்லாமல், மற்ற இருபத்திரண்டு பேரின் இரண்டு வண்ணப் பட்டைகளும் எழுந்தன. பன்னீர் சோடாவைத் திறந்து, டம்ளரில் ஊற்றி மாரிக்கண்ணனிடம் நீட்டினார். கழகம் தொடங்கிய நாளிலிருந்து அவர் ஊற்றிய முதல் டம்ளர்.

"ஒக்காருங்க அண்ணாச்சி" என்றான் மாரிக்கண்ணன். பாதியைக் குடித்தான், மீதியை அப்பாவிடம் கொடுத்தான். பிறகு அச்சுப்படியை விரித்து, பக்கம் பக்கமாகப் பார்த்துவந்தவன் 112இல் நின்றான்.

"இந்தப் பக்கம் எதுக்குன்னு கேட்டிருந்தீக. 1933ல தடை வர்றதுக்கு முன்னாடியே, யாரும் உத்தரவு போடாமயே, யூத மெம்பருங்க ஒம்பது பேரோட பேர சங்கத்துக்காரங்களே பட்டியல்லேர்ந்து நீக்கிட்டாங்க. கூட உக்காந்து குடிச்சவங்க பேரு. அந்த ஒம்பது பேரையும் திருப்பிப் போடத்தான் இந்தப் புத்தகமே. இல்லேன்னா பாட்டுப் புத்தகம் மட்டும் போட்டிருப்போம்."

பாண்டிச்செல்வம் தொண்டையைக் கனைத்தார். "போன வருசம் ஏழாயிரம்பண்ணையிலேர்ந்து நம்ம கழகத்துக்கு ஒரு விண்ணப்பம் வந்துச்சுல்ல அண்ணாச்சி. காலனித் தெருன்னு மேல போட்டிருக்கு, பிரிக்காமலே நிலுவையில வையின்னீகளே. அது..."

"நாந்தான் போட்டேன்" என்றான் மாரிக்கண்ணன். குரலில் சூடில்லை. அதுதான் சுட்டது.

அவன் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தான். பட்டியலில் விரல் ஓடி, ஓரிடத்தில் நின்றது. அங்கே ஒட்டு தெரியாமல் ஒட்டிய பெயர் இருந்தது. அவன் அந்த வரியைச் சத்தமாகப் படித்திருக்கலாம். படிக்கவில்லை. அண்ணாச்சி பக்கம் குனிந்து, தணிந்த குரலில் சொன்னான். ஆனாலும் சத்தமற்ற கூடத்தில் தணிந்த குரல் என்று ஒன்று உண்டா?

"இத எடுத்துரணும் அண்ணாச்சி. பரீட்ச எழுதினவங்க பட்டியல் இது. ஆனா 161ல பேரு தெரியலன்னு ஒரு வரி இருக்கு. பேரு எனக்குத் தெரியும். போடச் சொன்னா போடுறேன். நரின்னுதான் வரும். வேண்டாம்னா அப்படியே விட்டுரலாம், யாருக்கும் தெரியாது."

இதோ பாருங்கள், வந்துவிட்டது முச்சந்தி. ஒரு பக்கம் மானம்: வரி அப்படியே இருக்கட்டும், எவனோ எவனாகவே இருக்கட்டும், நாளைக்கே புதுக்கதை ஒன்று கட்டிக்கொள்ளலாம். இன்னொரு பக்கம் புத்தகம்: நூற்றெழுபத்தைந்து வருடத்தில் ஒரு வரி, ஜெர்மன் நூலகங்களில் என்றென்றைக்கும், அய்யாதுரை என்ற நரி. அண்ணாச்சி தன் கழகத்தாரைப் பார்த்தார். லட்சுமிகாந்தத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் கேலி இருக்கும் என்று எதிர்பார்த்தார், இல்லை. ரசத்துக்கு அழுத இருபத்துமூன்று வயதுப் பையனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார் அவர்.

"போடு" என்றார் அண்ணாச்சி. "நல்லாப் பாடுவான்ங்கறத மட்டும் எடுத்துறாத."

நெஞ்சைத் தொடுகிறது, இல்லையா? எனக்கும் தொட்டது; கண்ணீரோடு இங்கேயே முடித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் இருந்தவர் இனத்தை நீங்கள் இன்னும் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை. தோல்வி அவர்களுக்கு அடுத்த அத்தியாயம்.

நிலுவைக் கோப்பைத் தேடி எடுத்து விண்ணப்பத்தை அன்றைக்கே ஏற்றார் அண்ணாச்சி. ஏற்றுவிட்டு, "கழக விதிப்படி மொத வருசம் நீ நரிதான் தம்பி" என்றார், கொஞ்சமும் சிரிக்காமல். மாரிக்கண்ணன்தான் சிரித்துவிட்டான். "எனக்கு லீவு முடியுது அண்ணாச்சி. அப்பாவச் சேத்துக்கோங்க. வரலாறு முழுசும் தெரிஞ்சவரு அவருதான். பரீட்சையே வைக்க வேண்டாம்" என்றான். மறுக்க ஒரு விதியைத் தேடினார்கள். லட்சுமிகாந்தம் அங்கேயே நின்றுகொண்டிருந்ததால் கிடைக்கவில்லை.

புத்தகம் அடித்துப் போய்விட்டது. 112ஆம் பக்கமும் 161ஆம் பக்கமும் பத்திரமாக இருக்கின்றன. இந்தச் சீசனுக்கு அண்ணாச்சி அடிக்கும் லேபிள்களில் புதிதாக ஒரு நரி வந்திருக்கிறது. யானை, ஒட்டகம் என்று கேட்டு வந்த பட்டாசுக் கம்பெனிகளுக்கும் நரியையே தலையில் கட்டுகிறார். கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்தால் இப்போது வேறு வரலாறு கிடைக்கும்: "மூணு கலர் ஆயிரம் பேரு வெச்சிருக்கான். புத்தகத்துல தனி வரியா வந்த நரி, ஒலகத்துலேயே நான் ஒருத்தன்தான்."

ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் கொஞ்சம் சிரமம். கூடத்தில் கடைசி நாற்காலியில் கம்பளித் தொப்பியோடு இருளாண்டி உட்கார்ந்திருக்கிறார். முதல் இரண்டு கூட்டம் நின்றுகொண்டே இருந்தார்; லட்சுமிகாந்தம் அதட்டி உட்கார வைத்தார்.

"1849, பனிக்காலம், ரொட்டிக்கடைப் பின்கட்டு, எட்டு மாணவர்கள்..."

"ஏழு மொதலாளி."

"ஏழு. அதுல ரெண்டு பேருக்குச் செருப்பில்ல."

"ஒருத்தனுக்கு."

இவ்வளவு நேரம் அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தீர்கள். சந்தோஷம். இனிமேல் எழுந்து போய் உங்கள் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்து பாருங்கள். குழுப்படம் ஒன்று இருக்கும், பின்வரிசையில் பாதி முகத்தோடு நீங்கள். சாயம்போன அடையாள அட்டை ஒன்று இருக்கும். பெரியவர் ஒருவர் யாருக்கோ கொடுக்கும்போது உங்கள் கையும் பட்ட கோப்பையின் படம் இருக்கும். கடைசியாக அந்தக் கதையைச் சொன்னபோது அது எத்தனையாவது பதிப்பு? எண்ணிப் பார்க்க வேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். முதல் பதிப்பை நீங்கள் யாரிடமோ சொல்லியிருக்கிறீர்கள். அவர் வேலை பார்த்துக்கொண்டே கேட்டார். நீங்கள் அவரைக் கவனிக்கவில்லை. அவர் நலமாக இருக்கிறார். நினைவாற்றல் குறையவே இல்லை.